பாரமும் சுகமும்: துவிச்சக்கர வண்டிக்குப் புதிய சட்டகம் தேர்தல்

2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், எண்ணெய் நிரப்பு நிலையங்களின் முன்னே வாகனங்கள் நாட்கணக்கில் வரிசைகட்டி நின்ற அந்த நெருக்கடிக் காலத்தில், காலி வீதியின் இருமருங்கிலும் வாழ்ந்த மக்களுட் பலர், தாழ்வாரத்து மூலையில் தூசி படிந்து கிடந்த துவிச்சக்கர வண்டிகளை மீண்டும் வெளியே எடுத்தார்கள். சைக்கிள் கடைகளுக்கு எதிர்பாராத யோகம் பிறந்தது. வண்டியின் விலையும் சாமான்களின் விலையும் சாதாரண குடும்பத்தினர் மலைக்குமளவுக்கு ஏறின. பின்னர் எரிபொருட் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்தது, எரிபொருளும் ஒருவாறு சீராகக் கிடைக்கலாயிற்று, வண்டியில் ஏறியவருட் பெரும்பாலோர் இறங்கிவிட்டனர். இறங்க மனம் வராத சிலர் மாத்திரம், தெஹிவளையிலிருந்து வைகறையிற் புறப்பட்டு, வெள்ளவத்தையையும் பம்பலப்பிட்டியையும் கடந்து, வெயில் ஏறுமுன் காலிமுகத்திடலைத் தொட்டு மீளும் வழக்கத்தை விடாது வைத்திருக்கின்றனர்.

இத்தகையோரின் மனத்தில், முதற் சில மாதங்களின் உற்சாகம் அடங்கிய பின்னர், ஒரு கேள்வி எழுவது இயல்பு. வண்டி பழையது, கடைக்காரர் பிரேம் என்று சொல்லும் அதன் சட்டகம் உருக்குக் குழாயால் ஆனது, தூக்கினாற் கனக்கிறது, ஒரு மணி நேரம் ஓட்டினாற் கழுத்தும் உள்ளங்கையும் நோகின்றன. ஆயினும் சில்லுகளும் கிராங்கும் பிரேக்கும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆகவே சட்டகத்தை மட்டும் மாற்றி, பாரம் குறைந்ததும் உடலுக்குச் சௌகரியமானதுமான ஒன்றைப் பொருத்திக்கொண்டால் என்ன? இக்கேள்விக்குச் சந்தையில் உடனே கிடைக்கும் விடை ‘காபன்’ என்னும் ஒற்றைச் சொல். அந்த விடை முழுதும் பொய்யன்று. ஆனால் பாரமும் சுகமும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பவை என்று அது நம்மை எண்ண வைப்பதால், இரண்டையும் தனித்தனியே எடுத்து ஆராய்வது அவசியமாகிறது.

எடையின் கணக்கு

எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர், பத்துக் கிலோகிராம் வண்டியொன்றில், காற்றில்லாத காலை வேளையில், சமதளமான வீதியில் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். அவருடைய கால்கள் ஏறத்தாழ நூறு வாற்று வலுவைத் தருதல் வேண்டும். அதில் சுமார் எழுபது வாற்று, அவருடைய சரீரம் காற்றைப் பிளந்து செல்வதிலேயே செலவாகிவிடும். எஞ்சியதில் பெரும்பகுதி, ரயர்கள் உருளும்போது நசுங்கி விரிவதனால் உண்டாகும் தடைக்கு இரையாகும். காற்றின் தடை வண்டியின் எடையை அறியாது; ஓட்டுபவரின் உருவத்தையும் வேகத்தையும் மாத்திரமே அறியும். உருளும் தடை எடைக்கு விகிதசமமானது. ஆயினும் எண்பது கிலோகிராமில் ஒன்று குறையும்போது அங்கே மீதப்படுவது ஒரு வாற்றின் மூன்றிலொரு பங்கேயாம். தெஹிவளைக்கும் காலிமுகத்திடலுக்கும் இடைப்பட்ட வீதி கடல் மட்டத்தை ஒட்டியே செல்வதால், மூவாயிரம் கிராம் சட்டகத்தை ஆயிரம் கிராம் சட்டகமாக மாற்றியவர், அவ்வழியிற் கடிகாரத்தைப் பார்த்துக் கண்டுகொள்ளத்தக்க லாபம் ஏதும் அடையமாட்டார்.

சமிக்ஞை விளக்குகளில் நின்று நின்று புறப்படுவதைப் பற்றிக் கேட்கலாம். ஓய்விலிருந்து அந்த வேகத்தை அடைவதற்கு, எண்பது கிலோகிராம் திணிவுக்கு ஏறத்தாழ 1,930 யூல் சக்தி தேவை; ஒரு கிலோகிராமைக் குறைத்தால் மீதமாவது 24 யூல். சில்லின் விளிம்பிலும் ரயரிலும் உள்ள எடை முன்னோக்கிச் செல்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், அங்கே குறைக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய இருமடங்கு பயனைத் தரும் என்பது உண்மை. சட்டகத்தின் எடைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

மலையேற்றம் வேறு விஷயம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஏறுவதென்றால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் எண்பது கிலோகிராமுக்கு ஏறத்தாழ பதினான்கரை இலட்சம் யூல் சக்தி செலவாகும். அந்த ஒரு வேலைக்கென 150 வாற்று வலுவை விடாது தரக்கூடிய ஒருவர் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் உழக்குதல் வேண்டும். ஒரு கிலோகிராமைக் குறைத்தால் அவருக்கு மீதமாவது இரண்டு நிமிஷம். பந்தயக்காரனுக்கு அந்த இரண்டு நிமிஷம் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையேயுள்ள தூரமாகலாம். அதனாலன்றோ சர்வதேச சைக்கிள் சம்மேளனம், பந்தய வண்டி 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்று 2000-ஆம் ஆண்டில் ஒரு கீழெல்லையை விதிக்க நேர்ந்தது. நம்மவர்க்கோ அது வழியில் ஒரு தேநீர் அருந்தும் நேரத்திலும் குறைவு.

அப்படியாயின் இலேசான வண்டியால் யாதொரு பயனும் இல்லையோ எனில், உண்டு. அது வீதியிலன்று, படிக்கட்டில். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தொடர்மாடிகளில் வாழ்வோர், மின்னுயர்த்தி பழுதான நாளில் வண்டியைத் தோளிற் சுமந்து நான்கு மாடி ஏறும்போது, ஒவ்வொரு கிலோகிராமின் மதிப்பையும் நன்கு உணர்வர். மேலும், எழுந்து நின்று உழக்கும்போது இலேசான வண்டி இருபுறமும் எளிதாகச் சாய்ந்து கொடுக்கும். அந்த இன்பம் மெய்யானதே. ஆனால் அதனை வேகம் என்று எண்ணி விலை கொடுத்தல் ஆகாது.

குழாயின் நியாயம்

இன்று நாம் காணும் சாய்சதுர வடிவச் சட்டகம், 1885-இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர் செய்த ‘ரோவர்’ வண்டியின் வழிவந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், இரண்டு முக்கோணங்களை ஒட்டவைத்த வடிவமாக அது நிலைபெற்றுவிட்டது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களின் நீளம் மாறாதவரை அதன் உருவமும் மாறாது. ஆதலால் மிகக் குறைந்த உலோகத்தைக் கொண்டு மிகுந்த ஸ்திரத்தன்மையைப் பெறமுடிகிறது. 1897-இல் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த ரெனால்ட்ஸ் நிறுவனத்தார், பொருத்துமிடங்களிலே தடித்தும் நடுவிலே மெலிந்தும் இருக்கும் குழாயைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். அவர்களே 1935-இல், மங்கனீசும் மொலிப்டினமும் கலந்த ‘531’ என்னும் உருக்குக் குழாயை வெளியிட்டனர். நல்ல உருக்கு வண்டி என்று பல தசாப்தங்களாக உலகம் மதித்தது பெரும்பாலும் அந்தக் குழாயாலான வண்டியையே. சாதாரண காபன் உருக்கால் ஆன சட்டகம் மூன்று கிலோகிராமைத் தொடும் இடத்தில், அத்தகைய குழாயாலானது இரண்டு கிலோகிராமளவில் அமைந்தது.

உலோகத்தை மாற்றினால் என்ன நேரும் என்பதை அறிய, ஒரு விசித்திரமான இயற்கை ஒற்றுமையை முதலிற் கவனித்தல் வேண்டும். உருக்கின் அடர்த்தி அலுமினியத்தின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதன் விறைப்பும் அவ்வாறே மூன்று மடங்கு. தைத்தேனியம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. அடர்த்தியிலும் விறைப்பிலும் உருக்கின் பாதியைச் சற்றே தாண்டுவது. ஆகவே எடைக்கு எடை பார்த்தால் மூன்று உலோகங்களும் ஒரே விறைப்புடையவை. உருக்குக் குழாயின் அளவிலேயே அலுமினியக் குழாயைச் செய்தால், எடை மூன்றிலொன்றாகும், விறைப்பும் மூன்றிலொன்றாகிவிடும். 1970-களில் இத்தாலியின் ‘அலன்’, பிரான்ஸின் ‘விற்றுஸ்’ ஆகிய நிறுவனங்கள் மெல்லிய குழாய்களைக் கொண்டு செய்த அலுமினியச் சட்டகங்கள், உழக்கும்போது சற்றே நெளிபவை என்று பெயர் வாங்கியது இதனாலேயே.

இதற்குப் பரிகாரம் குழாயின் விட்டத்தில் இருந்தது. பப்பாளி இலையின் காம்பு உள்ளே வெறுமையாயும் விட்டத்திற் பருத்தும் இருப்பதால் எவ்வாறு அகன்ற இலையைத் தாங்குகிறதோ, அதே நியாயம் இங்கும் செல்லும். மெல்லிய சுவருள்ள குழாயொன்றின் வளைவுக்கு எதிரான விறைப்பு, சுவரின் தடிப்புக்கும் விட்டத்தின் மும்மடிக்கும் விகிதசமமானது. எடையோ தடிப்புக்கும் விட்டத்துக்கும் மாத்திரமே விகிதசமமானது. எனவே 28.6 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் கீழ்க்குழாயின் இடத்தில், சுவரின் தடிப்பை மாற்றாமல், 41 மில்லிமீற்றர் விட்டமுள்ள அலுமினியக் குழாயை வைத்தால், விறைப்பு பழையபடியே நிற்க, எடை பாதிக்குக் கீழே இறங்கிவிடும். நடைமுறையில், நசுங்காமலும் ஒட்டுமிடங்களில் வெடிக்காமலும் இருப்பதற்காகச் சுவரைத் தடிப்பாக்க வேண்டியிருப்பதால், லாபம் இவ்வளவு வாய்ப்பதில்லை. எனினும் அமெரிக்காவில் கேரி கிளைன் 1970-களிற் செய்து காட்டியதும், கனொன்டேல் நிறுவனம் 1983 முதற் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இந்தப் பருத்த குழாயின் தத்துவத்தையே.

காபன் நார் இன்னொரு ஜாதி. உலோகம் எத்திசையிலும் ஒரே குணமுடையது. காபன் நாரைப் பிசினில் தோய்த்து அடுக்கிய தகடோ, நார் ஓடும் திசையில் மிக விறைப்பாயும் அதற்குக் குறுக்கே பலவீனமாயும் இருப்பது. எனவே அதைக் கொண்டு சட்டகம் செய்பவர், எந்த இடத்தில் எத்திசையில் எத்தனை படை என்று தீர்மானிக்கும் சுதந்திரத்தையும், அதைத் தவறாகத் தீர்மானிக்கும் அபாயத்தையும் ஒருங்கே பெறுகிறார். 1986-இல் கிரெக் லெமொண்ட், லுக் நிறுவனத்தின் காபன் சட்டகத்தில் ஏறிப் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தை வென்ற பின்னர், அதன் கீர்த்தி வளர்ந்தது. இன்று நல்ல காபன் சட்டகம் ஒரு கிலோகிராமுக்கும் குறைவாகவே கிடைக்கிறது. நல்ல அலுமினியம் ஒன்றேகால் கிலோகிராம் அளவிலும், தைத்தேனியம் ஒன்றரை அளவிலும் நிற்கின்றன. ஆகவே மூவாயிரம் கிராமிலிருந்து இறங்க நினைப்பவர், அந்த இறக்கத்தின் பெரும்பகுதியை அலுமினியத்திலேயே பெற்றுவிடுகிறார். மிச்சமுள்ள சில நூறு கிராமுக்கே காபனின் மிகுதி விலை செல்கிறது.

அதிர்ச்சி தணியும் இடம்

‘உருக்கு மெத்தென்றிருக்கும், அலுமினியம் உடம்பை உலுக்கும், காபன் அதிர்ச்சியைக் குடித்துவிடும்’ என்று சைக்கிள்காரரிடையே ஒரு வழக்கு நிலவுகிறது. வீதியிலுள்ள ஒரு குழி, ஓட்டுபவரின் முதுகெலும்பை வந்தடைவதற்கு எத்தனை உறுப்புகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், இவ்வழக்கின் உண்மை எவ்வளவு என்பது தெளிவாகும். ரயர், சில்லு, சட்டகம், ஆசனத்தண்டு, ஆசனம் என்பன ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் வில்லுகள். இவ்வாறு தொடராக அமைந்த வில்லுகளில், மொத்த நெகிழ்ச்சி ஒவ்வொன்றின் நெகிழ்ச்சியையும் கூட்டிவரும் தொகையாகும். ஆதலால் மிக நெகிழ்வான வில்லே பெரும்பங்கு வேலையைச் செய்யும். விறைப்பானவற்றை மாற்றுவதால் தொகை அதிகம் மாறாது.

பின்சில்லின்மேல் 45 கிலோகிராம் சுமை நிற்க, அளவாகக் காற்றடித்த 28 மில்லிமீற்றர் ரயர் ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் அமுங்குகிறது. சாய்சதுரச் சட்டகமோ, மேலிருந்து கீழாக வரும் சுமைக்கு முக்கோணமாய் எதிர்நிற்பதால், ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னமளவே அசைகிறது. உருக்கானாலும் அலுமினியமானாலும் காபனானாலும் அந்தப் பின்னம் சற்றுக் கூடும், அல்லது சற்றுக் குறையும், அவ்வளவே. ஆசனத்தண்டு அப்படியன்று. அது முக்கோணத்துக்கு வெளியே சாய்ந்து நீண்டு நிற்பதால், வளைந்து கொடுக்க அதற்கு இடமுண்டு, 27.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒல்லியான தண்டு, 31.6 மில்லிமீற்றர் தண்டைக் காட்டிலும் தெளிவாக நெகிழும். அலுமினியச் சட்டகங்கள் பெற்ற அபகீர்த்திக்கு, அவற்றோடு கூட வந்த தடித்த தண்டும், இறுகக் காற்றடித்த 23 மில்லிமீற்றர் ரயரும் பெருங்காரணங்களாம்.

இவ்விஷயத்தில் நமது தேசத்துக்கு ஒரு சம்பந்தமுண்டு. 1876-இல், ஹென்றி விக்ஹாம் அமேசான் காட்டிற் சேகரித்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைவிக்கப்பட்டு, கன்றுகளாகக் கப்பலேறி வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தாவரவியற் பூங்காவில் நடப்பட்டன. அம்மரங்கள் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1888-இல், பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் ஜோன் டன்லப், தம் மகனின் முச்சில்லு வண்டிக்காகக் காற்றடைத்த ரயரைச் செய்தார். ரொபர்ட் தொம்சன் என்பவர் 1845-இலேயே அத்தகைய ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தும், உலகம் அதனை மறந்துவிட்டிருந்தது. துவிச்சக்கர வண்டியின் சௌகரியத்தில் அதற்குப் பின் நேர்ந்த எந்தச் சீர்திருத்தமும், அந்தக் காற்றுக் குழாயின் அளவுக்கு மனித உடலுக்கு உபகாரம் செய்ததில்லை.

அதே 45 கிலோகிராம் சுமைக்கு, 23 மில்லிமீற்றர் ரயருக்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 110 இறாத்தல் அழுத்தம் வேண்டும். 28 மில்லிமீற்றருக்கு 80 போதும். 32 மில்லிமீற்றருக்கு 60 போதும். அகன்ற ரயர் வேகத்தைக் கெடுக்கும் என்ற பழைய நம்பிக்கையும் சோதனைகளுக்கு முன் நிற்கவில்லை. ஒரே அழுத்தத்தில் அகன்ற ரயரின் உருளும் தடை குறைவானதே. அன்றியும், கரடுமுரடான வீதியில் அளவுமீறி இறுக்கிய ரயர், வண்டியையும் ஓட்டுபவரையும் ஓயாது மேலே எறிந்துகொண்டிருப்பதால், முன்னே செல்ல வேண்டிய சக்தி தசைகளின் நடுக்கத்தில் வெப்பமாகி வீணாகிறது.

இதிலிருந்து, புதிய சட்டகத்தைப் பார்க்கும்போது முதலிற் கேட்க வேண்டிய கேள்வி பிறக்கிறது: அதன் பின்கவையின் கால்களுக்கிடையிலும் முன்கவையின் கால்களுக்கிடையிலும் எவ்வளவு அகலமான ரயர் செல்லும்? குறுகிய கைகளையுடைய பந்தய பிரேக், தன்னைச் சட்டகத்தோடு பொருத்தும் ஆணியிலிருந்து 39 முதல் 49 மில்லிமீற்றர் தூரத்தில் விளிம்பைப் பிடிப்பது. அதற்கென அமைந்த சட்டகங்கள் பெரும்பாலும் 25 அல்லது 28 மில்லிமீற்றர் ரயரோடு நின்றுவிடும். 47 முதல் 57 மில்லிமீற்றர் வரை எட்டும் நீண்ட கைப் பிரேக்குக்கு அமைந்தவை, 32 மில்லிமீற்றரை ஏற்கும். வட்டுப் பிரேக் சட்டகங்களில் அந்தக் கட்டுப்பாடே நீங்கிவிடுகிறது. ஆக, சட்டகம் தன் உடம்பினாற் கொடுக்கும் சுகத்தைவிட, ரயருக்கு விடும் இடத்தினாற் கொடுக்கும் சுகமே பெரிது.

உடலும் அளவும்

இடம் விடுதல் என்ற அதே இலட்சணத்தை, ஓட்டுபவரின் சரீரத்தைக் குறித்தும் பார்த்தல் வேண்டும். கழுத்து நோவும் உள்ளங்கை மரத்துப்போதலும் பெரும்பாலும் அதிர்ச்சியால் வருவன அல்ல. இருக்கும் நிலையால் வருவன. ஹாண்டில் மிகத் தாழ்ந்தும் மிகத் தூரத்திலும் இருந்தால், உடலின் பாரம் இடுப்பிலிருந்து கைக்கு மாறும். அங்கே சிறுவிரற் பக்கமாக ஓடும் நரம்பு உள்ளங்கையின் அடியில் நசுங்கும். வீதியைப் பார்ப்பதற்காகத் தலையை நிமிர்த்துகையிற் கழுத்தின் பின்தசைகள் ஓய்வின்றி இறுகி நிற்கும். எந்த உலோகமும் இந்நோவைத் தீர்க்காது.

முற்காலத்தில் 22 அங்குலம், 24 அங்குலம் என்று ஆசனக்குழாயின் நீளத்தைக் கொண்டே சட்டகத்தைத் தேர்ந்தனர். மேற்குழாய் தரைக்குச் சமாந்தரமாக இருந்த காலத்தில் அந்த அளவு ஒருவாறு பொருந்திற்று. மேற்குழாய் பின்னோக்கிச் சரிந்து செல்லும் இக்காலச் சட்டகங்களில், ஆசனக்குழாயின் நீளம் ஏறத்தாழ அர்த்தமற்றது. இப்போது தயாரிப்பாளர் தரும் அட்டவணையிற் பார்க்கவேண்டியவை இரண்டு: கிராங்கின் அச்சு மையத்திலிருந்து தலைக்குழாயின் மேல்வாயின் நடுப்புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஒன்று, அதே மையத்திலிருந்து அப்புள்ளி எவ்வளவு தூரம் முன்னே இருக்கிறது என்பது மற்றொன்று. இவற்றை நிற்பளவு, எட்டளவு என்று வைத்துக்கொள்வோம். ஆசனத்தை உயர்த்தலாம், தாழ்த்தலாம், முன்பின்னாக நகர்த்தலாம். இவ்விரண்டு அளவுகளையோ, ஹாண்டிற் கழுத்தை மாற்றிச் சிறிதளவு திருத்தலாமேயன்றி, அடியோடு மாற்ற இயலாது.

கைவசமுள்ள வண்டியில் இவற்றை அளப்பது எளிது. சமமான தரையில் வண்டியைச் சுவரோரமாக நேரே நிறுத்தி, தலைக்குழாயின் மேல்வாயின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு நூலை இறக்கினால், அந்நூலுக்கும் கிராங்க் மையத்துக்கும் இடையேயுள்ள கிடைத்தூரம் எட்டளவாகும். தரையிலிருந்து இரு புள்ளிகளின் உயரத்தையும் அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நிற்பளவு வரும். கையும் கழுத்தும் நோகின்றனவானால், புதிய சட்டகத்தின் நிற்பளவு இதைவிட அதிகமாகவும், எட்டளவு சற்றுக் குறைவாகவும் இருத்தல் நலம். கல்பாவிய பாதைகளுக்குப் பெயர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தின் பெயரால் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ‘ரூபே’ முதலான நெடும்பயணச் சட்டகங்கள், பந்தயச் சட்டகங்களைவிட நிற்பளவில் இரண்டு மூன்று சென்றிமீற்றர் கூடியவையாய் அமைந்தன. மலிவான அலுமினியச் சட்டகத்திலும் இந்த அளவு கிடைக்கும். விலையுயர்ந்த காபன் சட்டகத்தில் இது தவறவும் கூடும்.

பழைய உறுப்புகளும் புதிய சட்டகமும்

சட்டகத்தை மட்டும் மாற்றுபவர் பணத்தை மிச்சம் பிடிக்கிறாரா, இழக்கிறாரா என்பது சில மில்லிமீற்றர்களிலே தீர்மானமாகும். முதலாவது, பின்சில்லின் அச்சகலம். ஆறு, ஏழு பற்சக்கரங்களையுடைய பழைய பந்தய வண்டிகளில் பின்கவையின் உள்ளகலம் 126 மில்லிமீற்றர். எட்டுப் பற்சக்கரக் காலம் முதல் அது 130. துளை அச்சோடு கூடிய வட்டுப் பிரேக் வண்டிகளில் 142. உருக்குக் கவையை அனுபவமுள்ள தொழிலாளி நான்கு மில்லிமீற்றர் விரித்துக் கொடுக்கலாம். அலுமினியத்தையும் காபனையும் அவ்வாறு வளைக்க முயல்வது அவற்றை உடைப்பதற்கே ஒப்பாகும். இரண்டாவது, சில்லின் அளவு. பழைய ‘27 அங்குல’ விளிம்பின் விட்டம் 630 மில்லிமீற்றர். இன்றைய ‘700சி’ விளிம்பினது 622. ஆரையில் நான்கு மில்லிமீற்றர் வித்தியாசமே. ஆனால் பிரேக்கின் கட்டை விளிம்பைத் தொடுமா தொடாதா என்பதை அந்த நான்கே முடிவு செய்யும். கம்பிப் பிரேக் போட்ட பழைய பெரிய வண்டிகளின் ‘28 அங்குல’ விளிம்பு 635 மில்லிமீற்றர். அதை இன்றைய பந்தயச் சட்டகத்திற் பொருத்த நினைப்பது வீண்.

மூன்றாவது, கிராங்கின் அச்சுக்கூடு. 68 மில்லிமீற்றர் அகலமும், அங்குலத்துக்கு 24 மரைகளும் உள்ள ஆங்கில முறைக் கூடே உலகெங்கும் பரந்தது. உதிரிப்பாகம் எளிதிற் கிடைப்பதும் அதற்கே. இத்தாலிய முறை 70 மில்லிமீற்றர். மரையே இல்லாமல் அழுத்திச் செருகும் கூடுகள் இக்காலத்துச் சட்டகங்களிற் பலவகைப்பட்டு, ஒன்றின் பாகம் மற்றொன்றுக்கு உதவாதபடி பெருகியிருப்பதோடு, பொருத்தம் சற்றே தளர்ந்தாலும் கிறீச்சிடுவன. நான்காவதாக, முன்கவையின் தண்டு ஓரங்குலமா, ஒன்றேயரைக்கால் (1⅛) அங்குலமா, அடியில் விரிந்த தண்டா என்பதையும், ஆசனத்தண்டின் விட்டத்தையும் பார்த்தல் வேண்டும். இவற்றில் மூன்று பொருந்தாவிடின், பழைய உறுப்புகளைக் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, முழு வண்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே விவேகம்.

கடற்காற்றின் பங்கு

ஐரோப்பிய நூல்கள் இரண்டு வரியிற் கடந்துபோகும் ஒரு விஷயம், தெஹிவளையில் வாழ்வோர்க்குப் பிரதானமாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்ரெம்பர் வரை கடலின் உப்புத் துளிகளைக் கரைக்குக் கொண்டுவந்து, கரையோர ரயில் பாதைக்கு இப்பாலுள்ள வீடுகளின் யன்னற் கம்பிகளிலும் படிய வைக்கிறது. அந்த உப்பு சட்டகத்தையும் விடுவதில்லை. உருக்கு வெளியே மைபூசிக் காக்கப்பட்டிருந்தாலும், ஆசனத்தண்டின் வாய்வழியே நுழைந்த ஈரம் குழாயினுள்ளே தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் துருவை வளர்க்கும். அலுமினியம் தன்மேல் ஒட்சைட்டுப் படலமொன்றைத் தானே போர்த்திக்கொள்வதாயினும், உப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தை ஆங்காங்கே துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும்.

இரண்டு வேறு பொருள்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டு நிற்பது இன்னும் பொல்லாதது. காபன் நாரும் அலுமினியமும் அவ்வாறு தொடுமாயின், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகி, அலுமினியம் அரிக்கப்படுகிறது. அரிப்பில் விளைந்த வெண்பொடி இடத்தை அடைத்துக்கொள்ள, ஆசனத்தண்டு சட்டகத்தோடு பிரிக்கமுடியாதபடி இறுகிவிடுகிறது. உருக்குச் சட்டகத்தில் அலுமினியத் தண்டு இறுகுவதும் இதே காரணத்தால். உலோகத்தோடு உலோகம் சேருமிடத்தில் கிறீசும், காபன் சேருமிடத்தில் அதற்கென விற்கும் பசையும் பூசி, சில மாதங்களுக்கொருமுறை தண்டைக் கழற்றித் துடைப்பதும், மழையில் ஓடிவந்த வண்டியை நன்னீரால் மெதுவாகக் கழுவுவதும் போதிய பரிகாரமாகும். உலோகங்களுள் தைத்தேனியம் ஒன்றே கடற்காற்றுக்கு அஞ்சாதது. ஆனால் அதன் விலைக்கு நாம் அஞ்ச வேண்டியிருக்கிறது.

பாவித்த சட்டகத்தை வாங்குவோர் இன்னொன்றையும் எண்ணுதல் வேண்டும். உருக்குக்கு ஒரு களைப்பெல்லை உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட அழுத்தங்களை எத்தனை இலட்சம் முறை கொடுத்தாலும் அது தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. ஒவ்வொரு அதிர்ச்சியும் சிறிதாயினும் அதன் ஆயுளிற் கழிகிறது. ஆதலால் ஒட்டுமிடங்களில் மயிர்போன்ற வெடிப்பு உண்டா என்று பார்க்கவேண்டும். காபனிலோ, விழுந்து அடிபட்ட இடத்தில் படைகள் உள்ளே பிரிந்திருந்தும் மேற்பூச்சு பழுதில்லாமல் தோன்றலாம். நாணயத்தால் தட்டிப் பார்க்கையில் கணீரென்ற ஓசை ஓரிடத்தில் மந்தமானால் ஐயுறவேண்டும். ஓசை மாறாதிருப்பது மட்டும் நலத்துக்கு உத்தரவாதமாகாது.

தேர்வு

மேற்சொன்னவற்றைத் தொகுத்து நோக்கினால், இக்கரையில் ஓட்டுபவர்க்குப் பொருத்தமான சட்டகத்தின் இலட்சணம் இவ்வாறு அமையும். அது 32 மில்லிமீற்றர் ரயருக்கு இடம் விடும், ஓட்டுபவரின் கைக்கும் கழுத்துக்கும் ஏற்ற நிற்பளவு உடையது, 27.2 மில்லிமீற்றர் ஆசனத்தண்டை ஏற்பது. கிராங்கின் கூட்டில் மரை உள்ளது. கூட்டின் அடியில் நீர் வடியத் துளை உள்ளது. இவ்வளவும் உள்ள ஒரு சட்டகம் அலுமினியமாகவோ நல்ல உருக்காகவோ இருந்து, ஒன்றேகாலுக்கும் இரண்டுக்கும் இடையேயான கிலோகிராம்களில் நிற்குமானால், அதைவிட இலேசானதைத் தேடிச் செலவிடும் பணத்தை நல்ல ரயர்களுக்குச் செலவிடுவது மேல். வாரந்தோறும் மலைநாட்டுக்கு ஏறுபவரோ, நான்காம் மாடிக்கு வண்டியைச் சுமப்பவரோ காபனை நாடினால், அதுவும் காரணத்தோடு கூடிய தேர்வே. அவரும் மேற்சொன்ன அளவுகளைப் பார்த்த பின்னரே எடையைப் பார்த்தல் வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்த பின்னர், செலவில்லாத ஒரு பரீட்சையையும் சொல்லிவிடுவது முறை. கடைக்குப் போகுமுன், பழைய சட்டகம் ஏற்கக்கூடிய மிக அகன்ற ரயரைப் போட்டு, உடலின் பாரத்துக்கேற்ற அளவுக்கு மட்டும் காற்றடித்து, ஹாண்டிலை இயன்றவரை உயர்த்தி, ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். நோவு நீங்கிவிடுமானால், வேண்டியிருந்தது ரயரும் நிலையுமேயன்றிச் சட்டகம் அன்று என்பது வெளிப்படும். நீங்காவிடின், எந்த அளவு எவ்வளவு போதவில்லை என்பதை அந்த ஒரு மாதமே மில்லிமீற்றர்க் கணக்கிற் சொல்லிக்கொடுத்திருக்கும். அந்த எண்களைக் கையிற் கொண்டு கடையேறுபவர்க்கு, விளம்பரத்தின் உதவி தேவைப்படாது.